தங்கை ஜெயித்த பிறகு

என் தங்கை டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்பத்தூரில் எங்கள் தெருவில் மட்டும் கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் ஏதோ பழுது என்றார்கள். படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் சர்ச்சில் யார் கேட்டாலும் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதிலேயே பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துபோனது.

கரண்ட் வராது என்று தெரிந்ததும் நாங்கள் நால்வரும் ரயில்வே லைனைத் தாண்டி, அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு ஓடினோம். அவர் வீட்டில் கேபிள் இருந்தது. தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. திரையில் என் தங்கை இரவல் வாங்கிய நீலத் தாவணியில் நின்றாள். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் காதில், "என் மூக்கு பெருசா தெரியுதுக்கா" என்றாள். அப்பா உட்காரவே இல்லை, வாசற்படியில் நின்றபடி பார்த்தார். திரையில் அவள் கையைப் பிடித்து உயர்த்தி, இவர்தான் வெற்றியாளர் என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்பா அங்கே இல்லை. தெருவில் இறங்கி, விளக்குக் கம்பத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

எனக்கும் அவளுக்கும் இரண்டு வயது வித்தியாசம். எண்பதுகளில் சர்ச் பாடகர் குழுவில் நாங்கள் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தோம். குரலும் ஒன்றுபோலவே இருக்கும். நாங்கள் கூடத்தில் பாடிக்கொண்டிருந்தால் அடுப்படியிலிருந்து அம்மா யாராவது ஒருத்தி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், பெரும்பாலும் தப்பான பெயராகத்தான் இருக்கும். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நான் அதே எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டப் போனேன். தங்கை தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்தப் போட்டிக்கு முதலில் விண்ணப்பம் போட்டது நான்தான். இரண்டு பேருக்குமாகப் போட்டேன். குரல் தேர்வு கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் நடந்தது. ஆளுக்கு ஒரு பல்லவி, ஒரு சரணம் பாடினோம். தேர்வு செய்தவர் நடுவயதுக்காரர், கண்ணியமானவர், எங்களை உட்காரச் சொல்லித்தான் பேசினார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் பாடறீங்க. ஆனா ஒரே குரலா இருக்கே. நிகழ்ச்சிக்கு ஒருத்தர் போதும். சின்னவங்க வரட்டும்" என்றார். எனக்கு அப்போது முகமெல்லாம் பருத் தழும்பு. அவர் அதைச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், நீ இல்லாமல் நான் போகமாட்டேன் என்று தங்கை அழுதாள். நீ போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் அதட்டினேன். வீட்டில் அதைப் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். அது பெரிய மனசு ஒன்றும் இல்லை. என்னை வேண்டாம் என்று சொன்ன இடத்தில் மறுபடி போய் நிற்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜெயித்ததற்கு ஒரு கோப்பையும் ஒரு கிரைண்டரும் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய பரிசு, கடைசிச் சுற்றுக்கு நடுவராக வந்த இசையமைப்பாளர் மேடையிலேயே சொன்ன வார்த்தை. என் படத்தில் இந்தப் பெண் பாடுவாள் என்றார். அதைக் கேட்டது எங்கள் தெரு மட்டும் இல்லை. ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் தங்கையிடம் வந்து எப்போது படம் வருகிறது என்று கேட்டார்கள். ஆவடியிலிருந்து ஒரு அம்மா தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, நாக்கில் உன் விரலை வை, குரல் வரட்டும் என்று கேட்டது நினைவிருக்கிறது. தங்கை கூச்சத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து எதிர் மளிகைக் கடை போனுக்கு இசையமைப்பாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கல்யாணமாகாத பெண்ணை ஸ்டுடியோவுக்குத் தனியே அனுப்ப முடியாது, அப்பாவுக்கு ஷிப்ட். அதனால் நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். அப்படிப் போனது ஒரு நாளோடு முடியவில்லை. காலையில் வரச் சொல்வார்கள், சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள், நாளைக்கு வாருங்கள் என்பார்கள். லீவு தீர்ந்ததும் கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. பிசிறு வெட்டுவதைவிடப் பாடகியின் அக்காவாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார்கள். இசையமைப்பாளர் அங்கே இல்லை. தாடி வைத்த உதவியாளர் ஒருவர் மெட்டைச் சொல்லிக்கொடுத்தார். டிராக் பாடணும் என்றார். அது என்னவோ ஒரு வகைப் பாட்டு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தங்கை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாடினாள். சரணத்தில் ஓர் இடத்தில் அவளாகவே குரலை வளைத்து ஒரு சுழி போட்டாள். தாடிக்காரர் தலையசைத்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். பஸ் ஸ்டாண்டு வரை என் கையை விடவே இல்லை.

படப் பாட்டுக் கேசட் வெளியான அன்று அப்பா ஷிப்ட் முடிந்து கடைக்குப் போய் ஒரு பெட்டி நிறைய வாங்கினார். பிரிக்கக்கூட இல்லை, அப்படியே தன் ஷிப்ட்டில் இருந்த எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கேசட்டின் அட்டையில் தங்கை பெயர் இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்றார். போட்டுப் பார்த்தோம். அதே பாட்டு, அதே மெட்டு. பாடியவர் பம்பாயிலிருந்து வருகிற பெரிய பாடகி.

அப்பா இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டார். பிறகு, "நம்ம பொண்ணு இதுல எங்க கீது?" என்றார்.

தங்கைதான் விளக்கினாள். டிராக் என்றால், பெரிய பாடகிக்கு மெட்டு பிடிபட வேண்டும் என்பதற்காக முன்னால் பாடிவைப்பது. அவர்கள் வந்து அதைக் கேட்டுப் பாடியதும் முன்னால் பாடியவள் குரலை அழித்துவிடுவார்கள். அவளுக்கே இது இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்திருந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. "நான் ஒரு சுழி போட்டேன்ல, அந்தம்மாவும் அதே மாதிரி போட்டுக்கீறாங்க, பாருப்பா" என்றாள். டேப் ரிக்கார்டரை நிறுத்தி, டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்டினாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள். டிராக் பாடுகிற பெண் என்று அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. சுருதி சுத்தம், சொன்ன நேரத்துக்கு வருவாள், எதிர்த்துப் பேசமாட்டாள். மூன்று வருஷம் அப்படிப் பாடினாள். ரேடியோவில் சில பாட்டுகள் வரும்போது அவள் கூடவே வாயசைப்பாள், அடுத்து என்ன சங்கதி வரும் என்று முன்கூட்டியே கைகாட்டுவாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள்.

டிராக்கைவிடக் காசு கொண்டுவந்தது மெல்லிசைக் குழுதான். குமணன்சாவடிக்காரர் ஒருவர் நடத்தினார், எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். கீபோர்டு வாசிப்பார். கெட்ட மனுஷர் இல்லை, பெண்களை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார். பூந்தமல்லி, திருவேற்காடு, நூம்பல், ஆவடி என்று கோயில் திருவிழா, கல்யாணம், குடியிருப்போர் சங்க விழா எல்லாவற்றுக்கும் போனோம். போஸ்டரில் 'டிவி புகழ்' என்று என் தங்கை பெயரைப் பெரிதாகப் போட்டார்கள். அடுத்த வருஷம் அதே போட்டியில் வேறொரு பெண் ஜெயித்தாள். அதற்கும் அடுத்த வருஷம் ஒரு பையன். ஒவ்வொரு வருஷமும் போஸ்டரில் தங்கை பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. துணைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மாஸ்டர் என்னைக் கோரஸில் நிறுத்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த தொழிலாளர்களோடு அப்பாவும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். தங்கை கிடைத்த மேடையெல்லாம் ஏறினாள். மழை, பனி, ஜெனரேட்டர் புகை எதையும் பார்க்கவில்லை. கார்த்திகையில் குரல் கம்மியது. கற்பூரவல்லி, மிளகு, வெந்நீர் எல்லாம் செய்து பார்த்தோம். பேசும்போது சரியாக இருக்கும், மேலே போகும்போது காற்று மட்டும் வரும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சுகள் இருக்கின்றன என்றார். ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அப்படி இருந்தால் தானாகக் கரையலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் தள்ளி குமணன்சாவடியில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழா இருந்தது. மாஸ்டர் எப்படியோ பிடித்து, அந்த இசையமைப்பாளரையே சிறப்பு விருந்தினராக வரவழைத்திருந்தார். போட்டி மேடைக்குப் பிறகு அவர் என் தங்கை பாடி நேரில் கேட்கப்போவது அன்றுதான். டாக்டர் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே தங்கை என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் செய்வாள். "இந்த ஒரு புரோக்ராம் மட்டும் பாடிடு. அப்புறம் ஆறு வாரம் என்னா, ஆறு மாசம் வேணும்னாலும் சும்மா இரு" என்றேன். அவள் தலையாட்டினாள். அப்பாவுக்கு வேலை இல்லை என்பதற்காக நான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். அந்த வாய்ப்பு போனால் நான் மறுபடி பிசிறு வெட்டப் போக வேண்டும். அந்த நிமிஷம் என் மனதில் ஓடியது அதுதான்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில், பகலில் நடந்தது. அம்மாவும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு தாழ்ந்த சுருதி, தங்கை எப்படியோ ஓட்டிவிட்டாள். இரண்டாவது, அவள் போட்டியில் ஜெயித்த பாட்டு. சரணத்தில் மேலே ஏற வேண்டிய இடத்தில் அவள் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகவாயை மட்டும் லேசாக அசைத்தார்.

நான் பாடினேன்.

கோரஸ் மைக் என் முன்னால் இருந்தது. அந்தப் பாட்டை எத்தனையோ தடவை அவளோடு பாடியிருக்கிறேன், யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. ஒரு கணம் தோள்பட்டை இரண்டும் இறுகின. பிறகு அவள் கை மைக்கை வாயருகே தூக்கியது. அசைவுகளெல்லாம் சரியாக இருந்தன. எந்த இடத்தில் கண்ணை மூடுவாளோ அந்த இடத்தில் மூடியிருப்பாள் என்று நினைக்கிறேன். பாட்டு முடிந்தபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இசையமைப்பாளர் மேடையேறி அவளுக்குச் சால்வை போர்த்தினார். முன்பைவிட இப்போது மேல் ஸ்தாயி சுத்தமாக நிற்கிறது என்று மைக்கில் சொன்னார். அவள் கையைக் கூப்பினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அன்று வீட்டில் அம்மா அவளுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். "இத்தினி நாள்ல நீ இன்னிக்குப் பாடினதுதான்மா பாட்டு" என்று அவள் தலையைத் தடவினாள். தங்கை தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். அம்மா அந்தப் பக்கம் போனதும், காற்றாகிவிட்ட குரலில் என்னிடம், "அம்மாவுக்கே தெரியலக்கா" என்றாள்.

மாஸ்டர் ஒரு ஏற்பாடு சொன்னார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை விடவும் முடியாது, அவளைப் பாடவைக்கவும் முடியாது. தொண்டை சரியாகிற வரைக்கும் நான் பின்னால் நின்று பாடுவது, அவள் முன்னால் நிற்பது. "யாருக்குத் தெரியப்போவுதும்மா? நீங்க ரெண்டு பேரும் ஒரு தொண்டைதானே" என்றார். பங்குனி வரை அப்படியே நடந்தது. யாருக்கும் தெரியவில்லை. சவுண்டு பாக்ஸ்காரருக்குத் தெரியும், டிரம்ஸ் வாசிப்பவருக்குத் தெரியும், அவர்கள் எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

டாக்டர் கேட்ட ஓய்வு அதனால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும். விரைவு வண்டி வரும்போது வீடே அதிரும். ஒரு நாள் கொல்லைப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் கடக்கும்போது குளியலறைக்குள்ளிருந்து அவள் கத்துவது கேட்டது. பாட்டின் அந்த மேல் இடத்தை முழு மூச்சில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கிழிந்தது. ரயில் போனதும் நிறுத்திவிட்டாள். அடுத்த ரயிலுக்கு மறுபடி. இது எத்தனை நாளாக நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கதவைத் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும். என்ன சொல்லித் தட்டுவது?

சித்திரையில் இசையமைப்பாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வளைகாப்புப் பாட்டு ஒன்றில் தனியாக எட்டு வரி, டிராக் இல்லை, படத்துக்கே என்றார்கள். மண்டபத்தில் கேட்ட குரலை வைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னோம். அம்மா முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லித் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்டுடியோவில் அதே தாடிக்காரர். தங்கை கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் வரி வந்தது, இரண்டாவது உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினாள். மறுபடி உடைந்தது. நான்காவது முறை அவளே ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, ஜுரமாக இருக்கிறது சார், அக்கா பாடட்டும் என்றாள். தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, இப்போதைக்கு அக்கா டிராக் பாடி வைக்கட்டும். உனக்கு ஜுரம் விட்டதும் வந்து உன் குரல்ல போட்டுக்கலாம்" என்றார்.

நான் உள்ளே போனேன். என் தங்கைக்கு நான் டிராக் பாடினேன். இரண்டாவது தடவையிலேயே சரியாக வந்தது. கண்ணாடி வழியே அவள் பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவளை அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. படத்தை அவசரமாக முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். யாரும் எதையும் அழிக்கவில்லை, மாற்றவும் இல்லை. கேசட் வந்தது. இந்தத் தடவை அப்பா முதலில் ஒன்றுதான் வாங்கினார். கடையிலேயே அட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். என் தங்கையின் பெயர், சின்ன எழுத்தில், மூன்று பேரில் கடைசியாக இருந்தது. பாடியது நான்.

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கேசட்டைப் போட்டு அந்த எட்டு வரியைக் கேட்டார், பின்னால் ஓட்டினார், கேட்டார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். கேட்டுக்கு முன்னால் பந்தலில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களிடம் டேப் ரிக்கார்டரையே தூக்கிக்கொண்டு போனார். நான் தங்கையைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்பதுபோல் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவள் எழுந்து நின்று வாழ்த்துகளை வாங்கிக்கொண்டாள்.

ஆடியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது என்று மட்டும் வீட்டில் சொன்னோம். குரல் திரும்பி வந்தது, ஆனால் வேறொருவருடையதாக. ஜலதோஷம் பிடித்த ஆண்பிள்ளை பேசுவதுபோல் தடித்த குரல். பேசலாம், பாட முடியாது. அப்பா அதற்கும் தைரியம் சொன்னார். ஒரு பாட்டு பாடினாலும் காலத்துக்கும் நிற்கிற பாட்டு பாடிவிட்டாய் என்றார். காலை காபியோடு அந்தக் கேசட்டைப் போடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அது ஓடும்போது தங்கை தண்ணீர் எடுக்கப் போவாள், கடைக்குப் போவாள், மாடிக்குப் போவாள். ஒரு நாள், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், நான் போகிறேன் என்றாள். கல்யாணப் பேச்சு எடுத்திருந்த நேரம். அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். அவள் ஒரு பெட்டியோடு போய்விட்டாள். கோப்பையை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் மாஸ்டர் குழுவில் இரண்டு வருஷம் பாடினேன். முன் மைக்கில் நின்றுதான் பாடினேன். ஆனால் என் பெயரைப் போட்டால் யார் வருவார்கள்? போஸ்டரில் 'டிவி புகழ் பாடகியின் அக்கா' என்று போட்டார்கள். கேட்டவர்கள் அப்படியே தங்கச்சி குரல் என்று மெச்சினார்கள். பிறகு எனக்குக் கல்யாணமாகி வெள்ளானூருக்குப் போனேன். ஆவடி பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார் என் வீட்டுக்காரர். பாடவேண்டாம் என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகத்தான் விட்டேன்.

அப்பா, தொண்ணூறுகள் முடிகிற சமயம், நெஞ்சுவலியில் போனார். தொழிற்சாலை திறக்கவே இல்லை. கடைசிக் காலத்தில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். அடக்கத்துக்குத் தங்கை வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் பழைய ஷிப்ட்காரர்கள் வரிசையாக வந்து அவளிடம் பேசினார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பாட்டத்தாம்மா தெனமும் போட்டுக் காட்டுவான். பந்தல்ல பட்டினி கெடந்தப்பகூட அந்தப் பொட்டிய எடுத்துகினு வந்துடுவான்" என்றார். தங்கை அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, தன் புதுக் குரலில் சரி மாமா என்றாள். அந்தக் குரலைக் கேட்டு அவர் திடுக்கிட்டார்.

மூன்றாம் நாள் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவ்வளவு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக நின்றது அன்றுதான். வெயில் ஏறியிருந்தது. டாக்டர் வீட்டு வாசலில் நான் சொன்னதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அன்றைக்கு உன்னைப் பாடச் சொன்னது நான்தான், என்னால்தான் எல்லாம் போனது, என்னை மன்னித்துவிடு என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீ சொல்லாங்காட்டியும் நான் பாடியிருப்பேன்க்கா. அது இல்ல" என்றாள். பிறகு, "நான் அங்க வாயத் தொறந்துகினு நிக்கிறேன். நீ பாட ஆரம்பிச்சுட்ட. கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம். நான் உடைஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஊட்டுக்கு வந்து அழுதிருப்பேன். அதாவது எனக்குன்னு நடந்திருக்கும்" என்றாள்.

மாஸ்டர் பார்த்தார், அதனால் பாடினேன் என்று சொல்லியிருக்கலாம். உன் மானம் போகக் கூடாது என்று பாடினேன் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த மண்டபத்தில் என் குரல் தனியாக மேலே போனபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பஸ் வந்தது. பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிடு என்றாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்து இரண்டு நாள் இருந்தாள். எனக்குப் பெண் பிறந்தபோதும் வந்தாள். இப்போது மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். விடுதியில் யாருக்குக் காய்ச்சல், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பெண் பத்தாவதில் தேறினாள் என்றெல்லாம் எழுதுவாள். என் மகளுக்கு என்ன அளவில் கவுன் வாங்க வேண்டும் என்று கேட்பாள். நானும் அளவை எழுதி அனுப்புவேன். பாட்டைப் பற்றி இருவரும் எழுதுவதில்லை.